சகலையின் மெஷின்

சகலையின் அலுவலகத்தில் நகல் மெஷின் பூனை மாதிரி முனகிக்கொண்டு சூடான தாள்களைத் தள்ளுகிறது. இந்த வருட நகல் மெஷின் விற்பனையில் சகலையின் கம்பெனிக்கு முதலிடம் என்கிற அறிவிப்பு. பார்க்க வந்திருக்கும் இவர் மெஷின் விற்கும் போட்டிக் கம்பெனியோ மூன்றாவது இடத்துக்குச் சறுக்கிவிட்டது. மாமனார் காதுக்கு இந்நேரம் போயிருக்கும். வயிற்றெரிச்சலோடு மூடியைத் தூக்கி, கீறல் இருக்காதா என்று கண்ணாடியில் வியர்த்த கட்டைவிரலை அழுத்திப் பார்க்கிறார். “என்ன சகல, குறை தேடுறீங்களா?” சிரித்தபடி சகலை அறிவிப்பை மறுபடி வைத்து பட்டனை அமுக்குகிறார். வெளிச்சக்கோடு இவர் தாடையைத் தடவி ஓடுகிறது. வந்த தாளில், ஓரமாக ஒரு கறை. “பாத்தீங்களா, உங்க மெஷின் கறை அடிக்குது!” இவர் முகம் மலர்ந்தேவிடுகிறது. சகலை தாளை ஜன்னல் வெயிலில் பிடித்து ரசிக்கிறார். “உங்க கட்டைவிரல் சகல. ரேகைகூட எண்ணலாம். உங்க மெஷின்ல இவ்வளவு தெளிவா விழுமா?”