ஆயிரத்துக்கு ஆயிரம்

கணினியின் பின்னணியில் ஓசையில்லாமல் ஓடும் சர்வீஸ் என்ற மென்பொருளுக்கு ஆயிரம் சிக்னல்களை வரிசையாக அனுப்பி, ஒன்றுவிடாமல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி நிரல் எழுதியிருந்தார் குழுத் தலைவர் திருவரங்கன். பதினொரு வரிதான். அதை அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசையில் வைத்திருந்தார். "ஆயிரத்துக்கு ஆயிரம் சார்," என்றார் இயக்குநரிடம். சோதனைப் பொறுப்பாளர் மெஹருன்னிசா கையெழுத்துப் போட்டால், நாளைக்கே அந்த சர்வீஸ் ஆம்புலன்ஸ்களை அழைக்கும் வேலைக்குப் போய்விடும்.

அவள் பதினொரு வரியையும் படித்திருந்தாள். அனுப்பிய கையோடு 'வந்து சேர்ந்தது' என்று ஸ்கிரிப்டே எழுதிக்கொள்கிறது. சர்வீஸிடம் யாரும் கேட்பதில்லை. அவள் வாதாடவில்லை. எல்லோர் கண்முன்னாலும் சர்வீஸை நிறுத்தினாள். "இப்ப ஓட்டுங்க சார்."

ஓட்டினார். திரையில் பச்சை எழுத்தில் வந்தது: ஆயிரம் அனுப்பப்பட்டன, ஆயிரமும் சேர்ந்தன.

"சர்வீஸ்தான் செத்துக் கிடக்கே சார், யாரு வாங்குனா?"

திருவரங்கனின் நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தீங்களா சார்! சர்வீஸே செத்தாலும் நம்ம ஆயிரத்துல ஒண்ணு குறையுதா?"

இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார். ஒப்புதல் படிவம் மெஹருன்னிசாவின் முன்னால் வந்தது. பேனாவைத் திறந்தவள், கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று நிதானமாக எழுத ஆரம்பித்தாள்.