நர்ஸம்மாவின் முறை

"தண்ணியைப் பத்தி மட்டும் கேக்காதீங்க. சொல்ல ஆரம்பிச்சா எனக்கு அழுகை வந்துடும்" என்றார் நர்ஸம்மா.

மைதானத்தோரம் நின்றிருந்த கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். அந்த அம்மாள் கையில் குடை. ஐயா வந்ததிலிருந்து மைதானத்தையும் சுற்றியிருந்த வீடுகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். இடம் பார்க்க வந்தவர்கள்தான் என்று புரிந்துகொள்ள நர்ஸம்மாவுக்கு அது போதாதா?

விளையாட்டு மைதானம் என்று இத்தனை காலம் இருந்ததைக் குடியிருப்பு நிலமாக மாற்றி, வானத்தை முட்டும் மாடிகள் கட்ட ஒரு கம்பெனி மனுப் போட்டிருந்தது. தெருக்காரர்கள் திரண்டு போய் ஆட்சேபம் சொன்னார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, பரிசீலிக்கிறோம் என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே தெருச் சங்கத் தலைவருக்கு அதிகாரி மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. அவர் பழைய பஸ் டிரைவர்.

"அவங்க பரிசீலிக்கிறது இருக்கட்டும். வாங்க ஆள் இருந்தாத்தானே கட்டுவான்? பார்க்க வர்றவங்க காதுல நாலு விஷயத்தைப் போட்டு வைப்போம்" என்று வழி சொன்னார். அன்றிலிருந்து ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொண்டு மைதானத்தோரம் காவல். இன்று நர்ஸம்மாவின் முறை.

நர்ஸம்மாவுக்கு இது வெறும் சங்க வேலை இல்லை. அவருடைய ஒரே மகள், காலியாகக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்குக் குடிவர ஆசைப்பட்டாள். பேத்தி இப்போது எங்கோ ஒரு ஒன்பதாம் மாடியில், பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி வளர்கிறது. அந்தக் குழந்தைக்கு ஓட மண் வேண்டும். மருமகன்தான் பிடி கொடுக்காமல், யோசித்து இன்றைக்குள் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார். அவர் சரி என்று சொல்லி எல்லாரும் வந்து சேரும்போது மைதானம் இருக்க வேண்டாமா?

எனவே நர்ஸம்மா அள்ளி விட்டார். மழை வந்தால் முழங்காலளவு தண்ணீர், வெயில் வந்தால் கண்ணைத் திறக்க முடியாத புழுதி. சாக்கடை எப்போது பொங்கும் என்று அதற்கே தெரியாது. கொசுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தவள் சொல்கிறேன், காய்ச்சல் எட்டிப் பார்க்காத வீடு இந்தத் தெருவில் ஒன்று காட்டுங்கள் என்றார். சொல்லச் சொல்ல, இங்கே இத்தனை வருஷம் எப்படித்தான் குடியிருந்தோம் என்று அவருக்கே மலைப்பாகிவிட்டது.

"மனுஷங்க எப்படி?" என்று அந்த ஐயா கேட்டார்.

நர்ஸம்மா தடுமாறினார். கொசுவைத் திட்டிய வாய், டிரைவரையும் அவர் வீட்டுக்காரியையும் திட்ட வரவில்லை.

"மனுஷங்களைக் குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். எங்க வீட்டுக்காரர் போனப்ப ஒரு மாசம் என்னைச் சமைக்கவே விடலை இந்தத் தெரு" என்றவர், சட்டென்று முறை நினைவுக்கு வந்து சுதாரித்துக்கொண்டார். "அதுக்காக? மனுஷங்களை வெச்சுக் கொசுவை விரட்ட முடியுமா? இங்க மாடி வரப்போகுதுன்னு கம்பெனிக்காரன் ஆசை காட்டுவான், ஏமாந்துடாதீங்க. கூடப் பிறந்தவங்க மாதிரி நெனச்சுச் சொல்றேன்."

அந்த அம்மாள் நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு தூரம் மனசு விட்டு யார் சொல்வார்கள் என்று கண் கலங்கினார். நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் பேத்தி முகத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் டிரைவர் வந்தார். "ஊசி போட்டாத்தான் வலிக்கும்னு நெனச்சேன். நீங்க பேசினாலே போதும் போலிருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, அவர் சரின்னுட்டார். அடுத்த மாசமே வந்துடறோம்."

"நெஜமாவா? எப்படிடி மனசு மாறினார்?"

"அவரோட பெரியப்பாவும் பெரியம்மாவும் வெளிநாட்டுலேர்ந்து வந்திருக்காங்கம்மா. எங்க கல்யாணத்துக்குக்கூட வர முடியலையே, அவங்கதான். தெருவைப் பார்த்துட்டு வாங்கன்னு அனுப்பியிருக்கார். அத்தை வீட்டுப் பக்கம் மட்டும் போகாதீங்க, பொண்ணு வரணும்கிற ஆசையில எல்லாத்தையும் ஒசத்தியாத்தான் சொல்வாங்க, வெளியாள்கிட்ட விசாரிங்கன்னு சொல்லி அனுப்பினாராம்."

நர்ஸம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"மைதானத்தோரம் யாரோ ஒரு அம்மா, ஒளிக்காம மறைக்காம எல்லாக் குறையையும் சொன்னாங்களாம். குறை எங்கதான் இல்லை, இப்படி உண்மையைப் பேசறவங்க இருக்கிற தெருவை விட்டுடாதேன்னு பெரியம்மா அடிச்சுச் சொல்லிட்டாங்க."

"அவ்வளவுதானே?" என்றார் நர்ஸம்மா.

"எங்கே? அந்த அம்மா இருக்கிற இடத்துலயே நாங்களும் இருந்துட்டுப் போறோம்னு, நேரா கம்பெனி ஆபீசுக்குப் போய், மைதானத்துல வரப்போற மாடியில முதல் வீடு எங்களுக்குத்தான்னு பேர் குடுத்துட்டு வந்துட்டாங்கம்மா."