நான்காவது கணினி

காலை வெயில் மேசையிலிருக்கும் நான்கு கணினிகள் மீதும் விழுகிறது. ஒரு நிரல்மொழியின் நூலகத்தில் அவள் மாற்றிய நிரல்வரிகள் எல்லா இயங்குதளங்களிலும் ஓடியாக வேண்டும். மூன்று திரைகளில் சோதனை தேறிப் பச்சை விழுந்துவிட்டது. நான்காவது, திறந்திருக்கும் கோப்பை அழிக்க விடாமல் அடம்பிடிக்கும் கிழம். விசிறி இரைய இன்னும் சோதனையில் கிடக்கிறது. கசங்கிய சட்டையும் இஸ்திரிப் பெட்டியுமாக வரும் கணவன் அதன் பிளக்கைப் பிடுங்கப் போகிறான். அவள் கையால் மறைக்கிறாள்.

"பிடுங்கினா மறுபடி முதல்லேருந்து ஓட்டணும்."

"இந்தப் பழசை இன்னுமா ஆளுங்க வெச்சிருக்காங்க?"

"எங்கயோ ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ஓடுதாம். நம்மள நம்பி இருக்காங்க."

அவன் கிழத்தின் உச்சியைத் தொட்டுப் பார்க்கிறான். சுடுகிறது. சட்டைக் காலரை அதன்மேல் விரித்து உள்ளங்கையால் நீவுகிறான். திரையில் பச்சை விழுகிறது.

"சரி, இந்தப் பழசை வெச்சிருக்கறவங்களோட என்னையும் சேத்துக்கோ."