ஆறு மாத ஒட்டுக்கேட்பு

கதவைத் திறந்ததும் கிழவர் ஸ்பாஸ் இரண்டு கைகளையும் நீட்டினார். “விலங்கு கொண்டாந்திருக்கியா? இல்ல, நானே நடந்து வரட்டுமா?”

உளவுத்துறை அடையாள அட்டையை போயான் அவசரமாகப் பைக்குள் போட்டான். “ஐயோ, இல்லைங்க பெரியவரே. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்.”

கிழவர் பாதி நிரப்பிய குறுக்கெழுத்தைத் தள்ளிவைத்தார். கட்டமெல்லாம் பச்சை மை. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனிட்சாவில் ஒரு துண்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

குற்றமற்றவரை ஒட்டுக்கேட்டிருந்தால், அதை அவரிடமே எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். அவர் புகார் கொடுத்தால் ஒட்டுக்கேட்டவனின் வேலை போகும். ஆறு மாதம் கேட்டவன் போயான்தான்.

“யாரோ மொட்டைக் கடுதாசி போட்டாங்க, நீங்க வெளிநாட்டு உளவாளின்னு. இன்னியோட நிறுத்தியாச்சு. புகார் இல்லேன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா...”

“இரு. பிப்ரவரியில நெஞ்சு வலிச்சு போனை எடுத்தேன். நம்பரைச் சுத்துறதுக்குள்ள விழுந்துட்டேன். ஆம்புலன்ஸுக்கு யாரு சொன்னா?”

போயான் தலையைக் குனிந்துகொண்டான். “கேட்டதை வெளிய சொல்லக் கூடாதுங்கிறது விதி. மனசு கேக்கலைங்க.”

ஸ்பாஸ் சுவரிலிருந்த புனிதரின் படத்தைப் பார்த்துச் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். “கீழ வாசக்கதவுல ராஷ்கோவோட நினைவஞ்சலிப் படம் ஒட்டியிருக்கே, பாத்தியா? மேல் மாடிக்காரன். நாளையோட வருஷம் ஒண்ணாச்சு. செத்து பத்து நாள் கழிச்சுத்தான் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுது.”

பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். போயானுக்கு உயிர் வந்தது.

“கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுசு கொடுக்கணும் பெரியவரே.”

“அவரோட சேந்து நீயும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணு.” கிழவர் இழுப்பறையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “தபால் செலவு மிச்சம். உங்க ஆபீஸ் பெட்டியில போட்டுடு.”

உறையில் அனுப்புநர் பெயர் இல்லை. முகவரி பச்சை மையில் இருந்தது, சாய்ந்த எழுத்தில். ஆறு மாதத்துக்கு முன் அலுவலகத்துக்கு வந்த மொட்டைக் கடுதாசி உறையிலும் இதே பச்சை, இதே சாய்வு.

போயான் வாயில் பனிட்சா அப்படியே நின்றது.

“இந்தத் தடவை நான் ரெண்டு நாட்டுக்கு உளவாளின்னு எழுதியிருக்கேன், தம்பி!”