முடிந்த மாநாட்டின் தொடக்க விழா

"மாநாடுதான் நேத்தே முடிஞ்சு போச்சே. இன்னைக்கு எதுக்கும்மா இந்த வேஷம்?"

குளித்துவிட்டு வந்த கணவர் கேட்டார். ஹோட்டல் அறைக் கண்ணாடி முன்னால் வெள்ளிநிறக் கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றாள் மனைவி. வங்கியில் கிளை மேலாளர். ஐம்பதைத் தொடப் போகிற வயது. என்றோ நின்றுபோன ஒரு விண்வெளித் தொடருக்கு இன்றைக்கும் ரசிகை.

மூன்று நாளாக அவளுடைய கைப்பையையும் கவசத்தின் வாலையும் தூக்கிக்கொண்டு அந்தத் தொடரின் ரசிகர் மாநாட்டில் அலைந்தவர் அவர். கடைசி நாள் அவருக்கு என்று பேச்சு. ஏரியில் படகு, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் விமானம்.

"படகு எங்கேயும் ஓடிப்போயிடாதுங்க. லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் நம்ம கூட்டத்துல இருக்கார்னு சொல்வேனே, அவர் இன்னைக்குத்தான் வர்றார்."

"இலையெல்லாம் எடுத்தப்புறம் பந்திக்கு வர்றாராக்கும்."

அவள் சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடதுங்க. அழைப்பிதழ் அடிச்சது நான். தமாஷா இருக்கட்டுமேன்னு தேதியை அந்தத் தொடர்ல வர்ற கிரகத்துக் கணக்குல போட்டேன். அழைப்பிதழ் தேதியிலேர்ந்து மூணாவது வாரம் முடிஞ்சதும்னு. அந்தக் கிரகத்துல வாரத்துக்கு ஆறு நாள். பாவம், அவர் ஏழுன்னு வெச்சுக் கணக்குப் போட்டுட்டார். மூணு நாள் தள்ளிப்போச்சு."

"போன்ல யாரும் படம் அனுப்பலையா?"

"பட்டன் போன் வெச்சிருக்கார். ராத்திரி 'பஸ் ஏறிட்டேன், தொடக்க விழாவில் பார்க்கலாம்'னு செய்தி வந்துச்சு. கழட்டிப்போட்ட பழைய லிஃப்ட் சாமானை வெச்சு ஒரு வருஷமா கவசம் செஞ்சிருக்கார். அவர்கிட்ட எல்லாம் முடிஞ்சுதுன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவருக்குப் படகு மறந்துவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, என்ன பண்ணப் போறே?"

"மண்டபத்துல குழாய் உடைஞ்சிடுச்சு, விழா ஹோட்டல் சாப்பாட்டு அறைக்கு மாறிடுச்சுன்னு காலையில செய்தி அனுப்பிட்டேன். இங்க தங்கியிருக்கிற நம்ம ஆளுங்க எல்லாரும் மறுபடி வேஷம் கட்டிட்டு வர்றாங்க."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு முடிவே பண்ணிட்டீங்க."

"நீங்கதான் வாசல் காவலர். உள்ள வர்றவங்க கையில முத்திரை குத்தணும்."

"முத்திரைக்கு நான் எங்க போவேன்?"

அவள் தன் லிப்ஸ்டிக்கை எடுத்து நீட்டினாள்.

மெக்கானிக் வந்து சேர்ந்தார். அறுபது வயது இருக்கும். தகரக் கவசம், மார்பில் வரிசையாக லிஃப்ட் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் எல்லாம் எரிந்தன. சாப்பாட்டு அறையே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்து மேஜையில் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என்னவோ ஏதோ என்று தானும் எழுந்து நின்றார்.

கணவர் வேண்டாவெறுப்பாகத்தான் வாசலில் நின்றார். கால் மணி நேரத்தில் பதவி தலைக்கேறிவிட்டது. இடையில் நுழையப் பார்த்த ஆடிட்டர் ஒருவரை, அவர் ரோபோ வேஷத்தில் இருக்கிறார் என்றும் பாராமல், வரிசையின் கடைசிக்குத் துரத்தினார்.

"நடிகருங்க யாரும் வரலையாம்மா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"இந்த வருஷம் ரசிகர்கள் மட்டும்தான் சார்."

"அதுவும் நல்லதுதான். மூணு நாள்னு போட்டிருந்துச்சே?"

"ஒரே நாளாச் சுருக்கிட்டோம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கும் அவ்வளவு லீவு இல்ல."

எதைச் சொன்னாலும் தலையாட்டினார் மனுஷன். படம் எடுத்தார்கள். வினாடி வினா நடத்தினார்கள். சிறந்த கவசம் என்று மெக்கானிக்குக் கோப்பை கொடுத்தார்கள். அது அவள் முந்தின நாள் ஜெயித்த கோப்பை. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

விழா முடிந்தது. மனைவி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கணவர் காதில் சொன்னாள்.

"பார்த்தீங்களா? துளிகூடச் சந்தேகம் வரல. இந்தக் காலத்துல இப்படியும் ஒரு வெகுளி."

முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்று நாள் மாநாட்டில்கூட அவளை இவ்வளவு சந்தோஷமாக அவர் பார்க்கவில்லை. காவலரே மெக்கானிக்கின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரைக்கும் வழியனுப்பப் போனார்.

"அடுத்த வருஷம் வாரத்துக்கு ஏழு நாள் கணக்குலயே தேதி போடச் சொல்றேன் சார்," என்றார். சொன்ன பிறகுதான் உளறியது புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மெக்கானிக் சிரித்தார்.

"பரவாயில்ல சார். காலையில பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா மண்டபத்துக்குத்தான் போனேன். பேனரைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க."

"அப்படின்னா... எல்லாம் தெரிஞ்சுமா இங்க வந்தீங்க?"

"திரும்பிப் போகலாம்னுதான் இருந்தேன். அப்பதான் குழாய் உடைஞ்சிடுச்சுன்னு செய்தி வந்துச்சு. அழைப்பிதழ் அடிச்ச அம்மாவாச்சே, நான் வராமப் போயிட்டா அவங்களுக்கு மனசு எவ்வளவு உறுத்தும்?" டாக்ஸிக்குள் குனிந்து ஏறியவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்ககிட்டச் சொல்லிடாதீங்க சார். நான் நம்பிட்டேன்னு சந்தோஷமா இருக்காங்க."