வீட்டோடு இருக்கும் உயிர்

"சம்பாதிக்கிற உயிருக்கு ஆயிரம் ரூபாய். வீட்டோடு இருக்கிற உயிருக்கு நூறுதான், அண்ணாச்சி," என்றார் தென்காசிக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டு.

தொட்டிலை ஆட்டிக்கொண்டே செல்லப்பா பேரம் பேசினார். "அந்த உயிர் போயிட்டா சமையலுக்கு ஆள் மாசம் ஆறு ரூபாய். மூணு பிள்ளையளப் பாக்க நாலு. மாட்டுக்கு ரெண்டு. பன்னிரண்டு ரூபாய்க்கு எங்கன போக? ஐந்நூறாவது போடும்வே!"

"சம்சாரத்து மேல இம்புட்டுப் பிரியமா! சரி, ஐந்நூறு. அவங்க பேரு?"

அப்போது பள்ளிக்கூட டீச்சர் ஞானபாக்கியம் குடையை மடக்கியபடி வீட்டுக்குள் வந்தாள். "ஏங்க, சோறு ஆச்சா?"

"ஆச்சு," என்ற செல்லப்பா ஏஜெண்டிடம் திரும்பினார். "செல்லப்பான்னு எழுதும்."

சங்கதியையும் பிரீமியக் கணக்கையும் கேட்ட ஞானபாக்கியம் கணவரை முறைத்தாள். "ஐந்நூறுதானா? ஆயிரமாவே எழுதுங்க சார். பிரீமியம் மாசம் மூணு ரூபாய். இவரு வெத்திலைக்கும் குத்தாலம் போற வண்டிக்கும் மாசம் மூணு ரூபாய். அதை நிறுத்திட்டா கணக்கு நேர்."