சோங்குல்டாக்குக்கு இன்னும் மூன்று வாரம்

"அந்தப் பெட்டியைப் பிரிக்காத! நாலு பக்கமும் டேப் ஒட்டி, எடை போட்டு, மேல எழுதியாச்சு..."

"பிரிக்காம? எர்னா அக்கா நாலு மணிக்கு வர்றாங்க. காபியை உங்க தலையிலயா ஊத்திக் குடுக்கறது? வீட்டுல இருக்கற கோப்பையெல்லாம் அதுக்குள்ளதானே..."

"காகிதக் கோப்பை வாங்கிட்டு வர்றேன்னு சொல்றேன்ல..."

"நாப்பது வருஷம் பழகின மனுஷிக்குக் கடைசிக் காபி காகிதத்துலயா, சப்ரி எஃபெந்தி?"

கோபம் வந்தால்தான் என் வீட்டுக்காரர் எனக்கு எஃபெந்தி, அதாவது ஐயா. மற்ற நேரங்களில் வெறும் "இங்க பாருங்க". இருவரும் ஒரே நேரத்தில் பேசினால்தான் எங்களுக்குப் பேசியது போலிருக்கும். அவர் இந்த ஜெர்மனியில், கெல்சன்கிர்ஷன் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் முப்பது வருஷம் கத்திப் பேசிப் பழகியவர். நான் அவரிடம் பேசிப் பழகியவள்.

நடைவழி முழுக்க அட்டைப்பெட்டிகள். பக்கவாட்டில் திரும்பி நட என்கிறார். நான் எப்படித் திரும்பினாலும் ஒரே அகலம்தான் என்பது அவருக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

துருக்கியில், எங்கள் சோங்குல்டாக்கில், கடலைப் பார்த்தாற்போல ஒரு வீடு கட்டியிருக்கிறோம், இனி அங்கேயே போய் இருந்துவிட. தரைக்கல், குழாய், கதவின் நிறம் எல்லாம் தொலைபேசியிலேயே சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்தவை. அந்தச் சமையலறை ஜன்னலருகே நின்று, கடலைப் பார்த்தபடி ஒரு தேநீர் குடிக்க வேண்டும். சாவதற்குள் எனக்கிருக்கும் ஆசை அவ்வளவுதான்.

"இது என்ன, குப்பைத்தொட்டி மூணையுமா கட்டி வெச்சிருக்கீங்க?"

"காகிதத்துக்கு ஒண்ணு, பிளாஸ்டிக்குக்கு ஒண்ணு, காய்கறித் தோலுக்கு ஒண்ணு."

"அங்க எல்லாத்துக்கும் ஒரே தொட்டிதானே!"

"அதனாலதான் கொண்டு போறேன். அவங்களும் கத்துக்கட்டும்."

சிரித்தேன். ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. என் பெட்டிக்கடியில் கறுப்பு ரொட்டி மாவு ஆறு கிலோ இருக்கிறது. வந்த புதிதில், இதைத் தின்பார்களா மனுஷர்கள் என்று அழுதவள் நான்.

பெட்டியைப் பிரித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

சரியாக நான்கு மணிக்கு அழைப்புமணி அடித்தது. எர்னா அக்கா கீழ்வீட்டுக்காரர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய வீட்டுக்காரரும் சப்ரியோடு அதே சுரங்கத்தில் இறங்கியவர். முன்கூட்டி வந்துவிட்டால் கதவுக்கு வெளியே நின்று மணி பார்த்துவிட்டு அழுத்துகிற ரகம். கையில் சுடச்சுட ஆப்பிள் கேக்.

நாற்பது வருஷத்தில் நான் கற்ற ஜெர்மனை ஜெர்மன் என்று ஒப்புக்கொள்கிற ஒரே ஜீவன் அவர்தான். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மாடிப்படி கழுவற முறையைப் போட்டுட்டேன். செப்டம்பர் முதல் வாரம் உங்களுது. சரிதானே சப்ரி?"

"சரிக்கா. முதல் வாரம்னா எனக்கும் தோதுதான்" என்று எழுந்து போய் நாட்காட்டியில் குறித்தும் விட்டார் இவர்.

திரும்பி வந்து உட்கார்ந்தவரின் காலை மேசைக்கடியில் மிதித்தேன். "செப்டம்பர்ல நாம ஊர்ல இருப்போம், சப்ரி எஃபெந்தி!"

"அட, ஆமால்ல. பழக்கதோஷம். பென்சில்லதான் குறிச்சிருக்கேன், விடு."

எர்னா அக்கா தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

இதற்குமேல் தாங்காது என்று எழுந்தேன். நெடும்பயணம் போகிறவர்கள் அக்கம்பக்கத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் படியிறங்குவது எங்கள் வழக்கம். இரண்டு நாளாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகையில் வராத அழுகை இப்போது முந்திக்கொண்டு வந்தது.

"அக்கா, தெரிஞ்சோ தெரியாமலோ உங்களுக்கு ஏதாவது குறை வெச்சிருந்தோம்னா மன்னிச்சு விட்டுடுங்க. பிள்ளைங்க உங்க தலைக்கு மேல குதிச்சிருக்கும். சத்தமே போடக்கூடாத ஞாயித்துக்கிழமையில நான் கறி இடிச்சிருக்கேன். இனிமே உயிரோட பார்ப்போமோ என்னமோ..."

சப்ரி மூக்கை உறிஞ்சினார். சுரங்கத்தில் மேற்கூரை சரிந்தபோதுகூட அழாத மனுஷர், கைக்குட்டை கிடைக்காமல் மேசைவிரிப்பைத் தேடினார்.

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. ஒரு குறையும் இல்ல நாஜியே. உக்காரு, காபி ஆறுது" என்றார் எர்னா அக்கா, பாலேட்டுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே.

ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் வர வேண்டுமே! எனக்குச் சுருக்கென்றது. நான் பெற்ற பிள்ளைகளை எர்னா அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்திருக்கிறார். இவர் வீட்டுக்காரரைப் புதைத்த அன்று இரவு முழுக்க நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நானும் என் புருஷனும் தேம்பிக்கொண்டிருக்கிறோம், இவர் கத்தியைத் துடைத்துக் கேக்கை அளந்து அளந்து வெட்டுகிறார்.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையாக்கா?" கேட்டே விட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தார். காகிதக் கைக்குட்டையால் என் கன்னத்தைத் துடைத்தார். பெரிய துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தார். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து, மனசு நோகுமே என்று தள்ளிப்போட்டதைக் கேட்பவர்போல மெதுவாகக் கேட்டார்:

"பதினாலு வருஷமா நீங்க கிளம்பறீங்கன்னு ஆப்பிள் கேக்கே போட்டு எனக்கே அலுத்துப்போச்சு நாஜியே, அடுத்த ஜூலையில நீங்க ஊருக்குக் கிளம்பறப்போ செர்ரி போடட்டுமா?"